கோட்டை வாசலில் இரண்டு மீன்கள்



போன ஓகஸ்ற் விடுமுறைக்கு என் மருமகள் கண்டியிலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்தாள். தரம் 7 படிக்கிறாள். ஒரு நாள் மாலை அவளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் போக வேண்டுமானால் பிரெட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். உள்ளே புள்ளிமான்கள் மேயும் என்று சொல்லியிருந்ததால், மான்களைப் பார்க்கும் ஆசையில் விறுவிறென்று நடந்து வந்தவள், வாசலடியில் சட்டென்று நின்றுவிட்டாள்.

"மாமா, கோட்டைக்கு ஏன் மீன் கீறி வைச்சிருக்கினம்?"

வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது. அருகே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். நேராகப் பார்த்தால் எழுத்து இருப்பதே தெரியாது. போனில் இருந்த ரோச்சைப் போட்டு, கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். பள்ளமான இடங்களில் நிழல் விழுந்தது. வெறும் கல்லாக இருந்தது எழுத்தாக மாறியது. "ஐயோ, இதில 'ன' இருக்கு மாமா!" என்று அவள் துள்ளினாள்.

அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1624இல் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் பிரித்தானியர் கைப்பற்றி, பின்னர் தங்கள் அரசரின் மகன் பிரெட்றிக்கின் பெயரை வைத்தார்கள். இந்த மூன்று பேரில் ஒருவருக்கும் இரட்டை மீன் சின்னம் கிடையாது. தமிழில் எழுதி வைக்கும் வழக்கமும் இல்லை. அப்படியானால் அந்தக் கல் யாருடையது? கோட்டைக்கு முன்பே அது வேறெங்கோ இருந்திருக்க வேண்டும். கோட்டையைக் கட்டியவர்கள் அதை எடுத்துவந்து பொருத்தியிருக்க வேண்டும்.

பார்த்தீர்களா? ஒரு மீனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதிலேயே நாம் தொல்லியல் செய்யத் தொடங்கிவிட்டோம்.

எல்லாரும் ஏன் இங்கே வந்தார்கள்?

மீனின் விடைக்கு முன் இன்னொரு கேள்வி. இத்தனை தேசத்தவர் இந்த ஓர் இடத்துக்கு ஏன் அடிபட்டார்கள்? விடை கடலுக்குள் இருக்கிறது.

பொதுவாகப் பெரிய ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மணல் சேர்ந்து கடல் ஆழம் குறையும். பெரிய கப்பல் வந்தால் தரை தட்டும். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து, திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில்தான் விழுகிறது. ஆனாலும் இந்தக் குடா தூர்ந்துபோகவில்லை. கடலுக்கு அடியில், குடாவுக்குள்ளேயே ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கரையிலிருந்து வெளியே போகப் போக அது 3000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. பிதுருதலாகல மலையைத் தூக்கி உள்ளே வைத்தாலும் உச்சி வெளியே தெரியாது. ஆறு கொண்டுவரும் மணலில் ஒரு பகுதி இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே ஆழ்கடலுக்கு இறங்கிவிடுகிறது.

இவ்வளவு ஆழத்தை எப்படி அளப்பது? கப்பலிலிருந்து ஓர் ஒலியைக் கீழே அனுப்புவார்கள். அது அடித்தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். கடல்நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் போகும். எதிரொலி 4 விநாடியில் வந்தால், கீழே போக 2 விநாடி, மேலே வர 2 விநாடி. ஆழம் 2 × 1500 = 3000 மீற்றர். கணக்கு அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: கச்சான் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், வாடைக் காலத்தில் கொந்தளிக்கும். இயந்திரம் இல்லாத காலத்தில் பாய்மரக் கப்பல்கள் இந்தக் காற்றுகளை நம்பித்தான் ஓடின. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே மலாயா, சுமாத்திரா பக்கம் போவார்கள். வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது திரும்பி வருவார்கள். காற்று மாறும்வரை எங்காவது காத்திருக்க வேண்டுமே! மலைகள் சுற்றி மறைத்த திருகோணமலை உட்துறைமுகத்தில் எந்தக் காற்றுக் காலத்திலும் கப்பல் பத்திரமாக நிற்கும். தண்ணீர், மரம், அரிசி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும்.

காத்திருக்கும் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? வியாபாரம் பேசுவார்கள், மொழி பழகுவார்கள், கோயில் கட்டுவார்கள், விகாரை கட்டுவார்கள். கடல்வழிகள் சந்திக்கும் இந்தச் சந்தியில் அவர்கள் விட்டுப்போனவைதான் இன்று நாம் தேடிப் படிக்கும் தடயங்கள்.

அடியில் கிடக்கும் பாய்

வீட்டில் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டால், எது முதலில் போட்டது? அடியில் கிடப்பதுதான். மண்ணும் அப்படியே படை படையாகச் சேர்கிறது. குழப்பப்படாத மண்ணில் கீழ்ப்படை பழையது, மேற்படை புதியது. தொல்லியலாளர் மண்ணைச் சிறு தூரிகையால் பொறுமையாகச் சுரண்டுவது இந்தப் பாய்களின் வரிசை கலையாமல் இருக்கத்தான்.

இந்தக் கிழக்குக் கரையின் பழைய பாய்களில் ஒன்று, வெருகல் ஆற்றுக்குச் சற்றுத் தெற்கே மட்டக்களப்பு மாவட்டத்துக் கதிரவெளியில் இருக்கிறது. பெரிய கற்பலகைகளை நிறுத்திப் பெட்டி போலச் செய்து, இறந்தவர்களைப் புதைத்த பெருங்கற்கால ஈமக்களம் அது. மேற்குக் கரையில் பொம்பரிப்பிலும், தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரிலும் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கடல் நடுவே கிடந்தாலும் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்களின் வழக்கங்களில் அவ்வளவு ஒற்றுமை.

அந்தக் காலத்து மட்பாண்டம் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பெயர், கறுப்பு-சிவப்பு மட்பாண்டம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு நிறச் சாயம் பூசினார்களா? இல்லை, அது நெருப்பின் வேலை. களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது வெளிப்பக்கம் காற்றுப் படும். ஒட்சிசன் இரும்போடு சேர்ந்து, துருவின் சிவப்பு நிறம் வரும். உள்ளே காற்றுப் போகாது, புகைக்கரி படியும். அதனால் கறுப்பு. அனுராதபுரத்திலும் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இப்படிப்பட்ட ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஓர் ஓட்டுத் துண்டு, சூளைக்காரரின் கைப்பழக்கம் எங்கெங்கே போனது என்று சொல்லிவிடுகிறது.

திரியாய் மலையின் வியாபாரிகள்

திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றரில் திரியாய். அங்கே ஒரு குன்றின் மேல் வட்ட வடிவமான பழைய பௌத்தத் தலம் இருக்கிறது. நடுவில் சிறு தாதுகோபம், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கற்றூண்கள். சிங்களத்தில் கிரிஹண்டு சேய என்பார்கள்.

அந்தக் குன்றின் பாறையில் ஒரு நீண்ட கல்வெட்டு. மொழி சமஸ்கிருதம். எழுத்தோ, தமிழகத்துப் பல்லவர் காலக் கிரந்தத்துக்கு மிக நெருங்கியது. ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கடலோடுவதிலும் வாங்கி விற்பதிலும் தேர்ந்த வணிகர் கூட்டத்தைப் பற்றி அது பேசுகிறது. திரபுஸ்ஸகர், வல்லிகர் என்று இரு வணிகர் பெயர்களும் வருகின்றன. புத்தரிடம் தலைமுடியைப் பெற்ற இரு வணிகர்கள் என்று பௌத்த மரபு சொல்கிறதே, அவர்கள்தான்.

இப்போது வங்காள விரிகுடாவைக் கடந்து மியன்மாருக்குப் போவோம். யாங்கோன் நகரின் பொன்னிறச் சுவேதகோன் கோபுரத்தைப் பற்றியும் இதே கதை சொல்லப்படுகிறது: இரு வணிகர்கள், புத்தரின் தலைமுடி, அதை வைத்து எழுப்பிய தாதுகோபம். ஒரே கதையைக் கடலின் இரு கரைகளும் தங்கள் கதையாக வைத்திருக்கின்றன. கப்பல்கள் மிளகையும் துணியையும் மட்டும் ஏற்றிப் போகவில்லை. கதைகளையும் ஏற்றிப் போயின.

எழுத்துக்கும் வயது உண்டு

"ஆண்டு போடாத கல்வெட்டின் காலத்தை எப்பிடி மாமா கண்டுபிடிக்கிறது?" என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. அம்மம்மாவின் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். 'லை', 'னை' ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்தைச் சீர்திருத்தியபின் அந்தத் தும்பிக்கை மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. ஆகவே தும்பிக்கையைக் கண்டாலே, 'இது பழைய அச்சு' என்று சொல்லலாம். கல்வெட்டு எழுத்துகளும் இப்படித்தான் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வளைவும் கொம்பும் மாறிக்கொண்டே வந்தன. ஆண்டு தெரிந்த கல்வெட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஆண்டு தெரியாததை அதோடு ஒப்பிட்டுக் காலத்தைக் கணிப்பார்கள்.

திருகோணமலைக்கு வடமேற்கே காட்டுப்பக்கமாக வெல்கம் விகாரை இருக்கிறது. தொல்லியலாளரான பேராசிரியர் செனரத் பரணவிதான காலத்தில் அங்கே அகழாய்வு நடந்தது. அங்கு கிடைத்த கல்வெட்டுகளில் பல தமிழில் இருக்கின்றன, சோழர் காலத்தவை. அவை அந்த விகாரையை இராஜராஜப் பெரும்பள்ளி என்றும் அழைக்கின்றன. சைவரான சோழப் பேரரசன் முதலாம் இராஜராஜனின் பெயரில் ஒரு பௌத்தப் பள்ளி! விளக்கெரிக்கப் பசுக்களைத் தானம் கொடுத்த செய்திகள் அங்கே உள்ளன. பசுவுக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பசு பால் தரும், பாலில் நெய் எடுக்கலாம், நெய் விளக்கெரிக்கும். பசு கன்று போட்டுப் பெருகும், ஆகவே விளக்கும் அணையாது. காசைக் கொடுத்தால் ஒரு நாள் செலவாகிவிடும். பசுவைக் கொடுத்தால் தலைமுறைக்கும் எரியும்.

அதே இராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டியவர்கள் கடலுக்கு அப்பால் ஸ்ரீவிஜயத்து அரசர்கள். துறைமுக ஊர்களில் இப்படித்தான். தமிழ் பேசியவர்களில் பௌத்தர் இருந்தார்கள், சைவரும் இருந்தார்கள். அயல்நாட்டார் கட்டியதை உள்ளூரார் காத்தார்கள். மகாவம்சம் கோகண்ண என்று சொல்லும் ஊரும், 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய ஊரும் ஒன்றே, நம் திருகோணமலைதான்.

சில கல்வெட்டுகள் ஆண்டையே நேராகச் சொல்லிவிடும். பிரெட்றிக் கோட்டையில் கிடைத்த ஒரு கல்லில், கிரந்த எழுத்தில் சமஸ்கிருதச் செய்தி இருக்கிறது. சோடகங்கதேவன் என்பவன் சக ஆண்டு 1145இல் இலங்கைக்கு வந்தான் என்கிறது அது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் இன்றைய கி.பி. ஆண்டு வரும். நீங்களே கூட்டிப் பாருங்கள்: 1145 + 78 = 1223. ஊரார் கதையில் கோணேசர் கோயிலைத் திருத்தியவனாகவும் கந்தளாய்க் குளத்தோடு தொடர்புடையவனாகவும் பேசப்படும் குளக்கோட்டன் இவனே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

மீனுக்கு விடை

சரி, மீனுக்கு வருவோம். இரட்டைக் கயல் பாண்டிய மன்னர்களின் சின்னம். தமிழ்நாட்டில் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் குடுமியான்மலை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு, 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கைக்கு வந்து கோணமலையில் இரட்டைக் கயற்கொடியை நாட்டினான் என்று கூறுகிறது. ஒரு கல் கடலுக்கு அந்தப் பக்கம் சொல்கிறது. இன்னொரு கல் இந்தப் பக்கம் மீனைக் காட்டுகிறது. இரண்டு சாட்சிகள், ஒரே சின்னம். அதனால்தான் கோட்டை வாசல் மீன்களைப் பாண்டியர் நினைவோடு பொருத்திப் பார்க்கிறார்கள்.

இந்தக் கற்கள் கோட்டைக்கு எப்படி வந்தன? 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் மலையுச்சியிலிருந்த பழைய கோணேசர் பெருங்கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழும்பியது. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட கற்கள் பீரங்கி வைக்கும் மதிலாயின. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் கல் பேசுவதை நிறுத்தவில்லை. மதிலாய் நின்றபடியே தன் பழைய செய்தியைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

செம்பு மண்ணுக்குள், கல் கடலுக்குள்

இடிபட்ட கோயிலின் திருமேனிகள் என்ன ஆயின? 1950இல் கிணற்றுக்காக மண்ணைத் தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. ஆபத்து வந்தபோது யாரோ மண்ணுக்குள் ஒளித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஈர மண்ணில் கிடந்தும் அவை அழியவில்லை. இரும்பாக இருந்திருந்தால் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். செம்புக் கலவையின் மேல் பச்சை நிறத்தில் மெல்லிய களிம்பு படியும். பல வேளைகளில் அந்தக் களிம்பே உள்ளிருக்கும் உலோகத்துக்குப் போர்வையாகிவிடுகிறது.

உலோகத்துக்கும் ஒரு பயணக் கதை உண்டு. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேர்த்தால் வெண்கலம். கொட்டியாரக்குடாவுக்குத் தெற்கே சேருவிலப் பகுதியில் செம்புத் தாதுப் படிவு இருப்பதைப் புவிச்சரிதவியலாளர் 1971இல் கண்டுபிடித்தார்கள். வெள்ளீயமோ மலாயாப் பக்கத்து மண்ணில் நிறைய. ஒரு வெண்கல விளக்கைத் தட்டி, அது எழுப்பும் ஓசையைக் கேட்கும்போது நினைத்துப் பாருங்கள்: அதற்குள் இரண்டு நாட்டு மண் கலந்திருக்கலாம்.

1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணேசர் கோயில் இருந்த சுவாமி மலைக்கு அடியில் கடலில் மூழ்கினார்கள். விண்வெளிக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர் கிளார்க். மலையடிவாரக் கடலில் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் பாறைகளுக்கிடையே கிடப்பதைக் கண்டார்கள். பாசியும் சிப்பியும் மூடிய கல்லை, மனிதன் செதுக்கியது என்று எப்படி அறிவது? இயற்கைப் பாறை பெரும்பாலும் கோணல்மாணலாக உடையும். நேர்கோட்டு விளிம்பு, செங்கோணம், மற்றக் கல்லைப் பொருத்த வெட்டிய சதுரக் குழி, இவை மூன்றும் சேர்ந்து இருந்தால் அது உளி பட்ட கல். கிளார்க் இந்த அனுபவத்தை 1957இல் வெளிவந்த 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் எழுதினார். தப்ரபேன் என்பது பழைய கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். மலையுச்சியில் மீண்டும் எழுந்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

செய்து பாருங்கள்

கல்வெட்டு ஆய்வாளர் கல்லிலிருந்து படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த திண்டால் மேலே ஒற்றுவார்கள். மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். எழுத்துத் துலங்கும்.

வீட்டில் இதைச் சிறு அளவில் செய்யலாம். பத்து ரூபாய்க் குற்றி ஒன்றின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேயுங்கள். எழுத்தும் எண்ணும் எழும்பி வரும். அடுத்து அறையை இருட்டாக்கி, அதே குற்றியின்மேல் ரோச்சை நேராகவும் பக்கவாட்டிலும் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் ஒளி விழும்போது எந்தக் கோடு தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையான கல்வெட்டின்மேல் தாளோ பென்சிலோ சோக்கோ படக்கூடாது. ஒளி மட்டும் படலாம், போனில் படம் எடுக்கலாம். பழம்பொருளை எடுத்துப்போவதும் சிதைப்பதும் குற்றம். அதற்காக 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எங்காவது பழைய கல்லையோ ஓட்டுத் துண்டையோ கண்டால், அது கிடக்கும்படியே படம் எடுத்து, இடத்தை எழுதி வைத்து, ஆசிரியர் மூலமாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஏன் இடம் அவ்வளவு முக்கியம்? கோட்டைக்குப் போன அன்றிரவு உப்புவெளிக் கடற்கரையில் அதை மருமகளே கண்டுபிடித்தாள். அலை ஒதுக்கிய ஓர் ஓட்டுத் துண்டை எடுத்து வந்தாள். விளிம்பெல்லாம் உருண்டு வழவழவென்று இருந்தது.

"இது எந்தக் காலத்து ஓடு மாமா?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்: "இதின்ர பாயை அலை இழுத்துக்கொண்டு போட்டுது, என்ன மாமா?"

சரியாகச் சொல்லிவிட்டாள். கிடந்த படையை விட்டு வந்த பொருள் தன் கதையில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது.

அவள் கண்டிக்குத் திரும்பும் நாள் காலையில் இன்னொரு முறை கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலில் ஒரு சின்னப் பெடியன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மான்களைத் தேடிக்கொண்டிருந்தான். மருமகள் என் போனை வாங்கி ரோச்சைப் போட்டாள். கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வா. இந்த மீனுக்குக் கோட்டையை விட வயசு கூட. ஏனெண்டு சொல்லு பாப்பம்?"